வெள்ளைக் கணவாயும் இருபத்தோரு கியரும்

முனிரத்தினம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அது முதலில் தறிகளுக்குத்தான் தெரியும். நாலு பவர்லூமையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவார். நகரியில் தறிச் சத்தம் நின்றால் ஒன்று கரண்டு போயிருக்க வேண்டும், இல்லை யாராவது செத்திருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை. சத்தம் அடங்கிய கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பெண்டாட்டிக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்கும் அவளுடைய ஆட்டுக்கும் சேர்த்துக் கேட்கும்படி அறிவித்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வெள்ளைக் கணவாயைச் சைக்கிள்ல தாண்டப் போறேன்."

அடுப்படியிலிருந்து பத்மினி எட்டிப் பார்த்தாள். "தாண்டு மாமா. அதுக்கு எதுக்குத் தறியை நிறுத்தின?"

வீர முழக்கத்துக்கு இப்படி ஒரு பதில் வந்தால் மனிதன் என்ன செய்வான்? மறுபடி தறியை ஓட்டினார்.

எல்லாவற்றுக்கும் காரணம் மகன் தமிழரசு. வீட்டுக்கு ஒரு செல்போனும் தெருவுக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளையும் வந்துவிட்ட காலம் அது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவனைக் கம்பெனி இங்கிலாந்துக்கு அனுப்பியது. போகும்போது தன்னுடைய மலை சைக்கிளை ரயிலில் ஏற்றி நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், இருபத்தோரு கியர். அப்படி ஒரு சைக்கிளை நகரி பார்த்ததில்லை. முனிரத்தினம் அதைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், பழைய புடவையால் போர்த்தினார். ஓட்டியது மட்டும் டீக்கடை வரைக்கும்தான். அந்த மேட்டுக்கே மூன்று கியர் மாற்றினார் என்பது தெருவறிந்த சேதி.

இங்கிலாந்து போன பிள்ளை சும்மா இருந்தானா? அங்கே ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைமேல் சுற்றினான். போட்டோ அனுப்பினான். நெட் சென்டரில் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தார் முனிரத்தினம். பச்சைப் பசேலென்று அலை அலையாக மேடுகள். அவற்றின் முதுகில் வளைந்து வளைந்து ஒரு வெள்ளைப் பாதை. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

"எல்லாம் சுண்ணாம்பு மலை நைனா," என்றான் மகன் போனில். "மேல மண்ணு கொஞ்சம் தேஞ்சா போதும், வெள்ளை வெளேர்னு தெரியும். இந்தப் பாதை ஆயிரக்கணக்கான வருசமா கீதாம். ஆடு ஓட்டிக்கினு போனவங்க, சந்தைக்குப் போனவங்க, எல்லாரும் இதுலதான் நடந்தாங்களாம். இப்ப நாங்க சைக்கிள்ல போறோம்."

"நம்ம ஊர்ல இல்லாததா? நம்ம வெள்ளைக் கணவாய் இன்னா கொறச்சலு?"

"அதுல நீ போயிருக்கியா நைனா?"

முனிரத்தினம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "சிக்னல் இல்ல" என்றார்.

வெள்ளைக் கணவாய் என்பது நகரி மலைக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளம். இந்தப் பக்கம் நகரி, அந்தப் பக்கம் நாராயணவனம். உச்சியில் நாமக்கட்டி செய்யும் வெள்ளை மண் கொட்டிக் கிடக்கும். பஸ் வருவதற்கு முன்னால் புரட்டாசிச் சனிக்கிழமையில் திருமலைக்குப் போகும் பஜனைக் கூட்டம் அந்த வழியாகத்தான் நடந்தது. நாராயணவனத்துக்காரர்கள் மோர்ப் பானையோடு உச்சிக்கு ஏறிவந்து எதிர்கொள்வார்கள். எல்லோரும் அந்த மண்ணைக் குழைத்து நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு இறங்குவார்கள். பத்மினி பிறந்த ஊர் நாராயணவனம். சின்ன வயதில் வருஷம் தவறாமல் மோர்ச் செம்போடு ஏறியவள், சில வருஷம் கூட்டத்தை அழைத்துவர இந்தப் பக்கம் நகரி அடிவாரம் வரைக்கும் இறங்கியவள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு புரட்டாசிக்கும் கேட்டுப் பார்த்தாள். "ஒரு தபா நடந்து போவலாம் மாமா." அவரும் ஒவ்வொரு புரட்டாசிக்கும் ஒரே பதில் சொன்னார். "பஸ்ஸு எதுக்கு வுட்டுக்கினு கீறான்?"

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த பத்மினி, மறுநாள் காலையில் கூடத்தைப் பெருக்கிக்கொண்டே, போர்த்தியிருந்த சைக்கிளைத் துடைப்பத்தால் தட்டினாள்.

"இது எதுக்கு இங்க எடத்த அடைச்சிக்கினு? என் தம்பி மணிவேலுக்குக் குடுத்துடலாம். பால் கேன் மாட்டிக்கினு போவான்."

முனிரத்தினம் ஓடிவந்து சைக்கிளை மறைத்துக்கொண்டு நின்றார். "இருபத்தோரு கியர் சைக்கிள்ல பாலா?"

"ஓட்டாத சைக்கிளுக்கு எத்தினி கியர் இருந்தா இன்னா? சரி, ஒண்ணு பண்ணு. ஒரே ஒரு தபா வெள்ளைக் கணவாயில ஏறி, அந்தாண்ட எறங்கி, புத்தூர் ரோட்டு வழியா ஊடு வந்து சேரு. சைக்கிளு உன்னுது. நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா மணிவேலுக்கு."

"ஏறிட்டேன்னு எப்பிடி நம்புவ?"

"மேல வெள்ளை மண்ணு முழங்கால் மட்டும் ஏறும். அது சொல்லாதா?"

அதன் பிறகுதான் தறியை நிறுத்திய அறிவிப்பு. ஆவணி பிறந்த முதல் ஞாயிறு. மகன் விட்டுப்போன அரை டிரவுசர், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு முனிரத்தினம் வாசலுக்கு வந்தபோது தெருவே கூடி நின்றது. அவர் முழங்கால் தெரிய டிரவுசர் போட்டு நகரி கடைசியாகப் பார்த்தது அவர் ஏழாங்கிளாஸ் படித்தபோது. பத்மினி எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொடுத்தாள். வெங்கடம்மாவின் ஆடு டிரவுசரை முகர்ந்து பார்த்துவிட்டு, இது தனக்குச் சரிப்படாது என்று விலகிப் போனது.

மலையடிவாரம் வரைக்கும் ராஜ பவனிதான். காலை வெயிலில், மூக்குப்போல் நீண்டு நிற்பதால் நகரி மூக்கு என்று பேர் வாங்கிய சிகரம் செக்கச் செவேலென்று நின்றது. இந்த மலையை அவர் பிறந்தது முதல் பார்க்கிறார். ஆனால் தறி ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகியவருக்கு, அது இவ்வளவு பெரியது, இவ்வளவு அழகானது என்று இப்போதுதான் தெரிந்தது. சரிவெல்லாம் சீத்தாச் செடிகள். நடுவே பாதை ஏறியது. எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்துப் பாறையே வழவழவென்று ஆகியிருந்தது.

சைக்கிளைக் குறை சொல்லக்கூடாது. கல்மேல் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி எழுந்தது. அருமையான சைக்கிள். மனிதர்தான் சரியில்லை. இருபத்தோராவது கியரில் ஆரம்பித்தவர் முதல் திருப்பத்துக்குள் முதல் கியருக்கு வந்துவிட்டார். அதற்குக் கீழே கியர் கிடையாது. இறங்கித் தள்ளினார். தள்ளவும் முடியாமல் உட்கார்ந்தார். எலுமிச்சஞ்சோற்றைப் பிரித்துத் தின்றார். தின்ற பிறகு பார்த்தால் மலை இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

கீழே ரோட்டில் புத்தூருக்கு நூல் மூட்டை ஏற்றிப் போகும் டெம்போ ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் அதைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடி டெம்போவைப் பார்த்தார். ஏறுவதற்கு அரைப் பொழுது பிடித்த சரிவை இறங்கிக் கடக்க அவருக்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதுமாயிருந்தது.

டெம்போ அவரையும் சைக்கிளையும் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. எதிரே ஒரு மெஸ். வயிறு நிறைந்ததும் புத்தி வேலை செய்தது. வெள்ளை மண்ணுக்கு எங்கே போவது? கடையில் கோலமாவு வாங்கினார். மெஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்து டயரில் அப்பினார். ஒரு சுற்று சுற்றினால் மொத்தமும் கொட்டிப் போயிற்று. மறுபடி அப்பினார். மறுபடி கொட்டியது. தலையில் கைவைத்து உட்கார்ந்தவருக்கு, மெஸ்காரர் வாளியில் ஊற்றி வைத்திருந்த வடிகஞ்சி கண்ணில் பட்டது.

பரம்பரை நெசவாளியின் மூளை அங்கேதான் பளிச்சென்றது. பாவுக்குக் கஞ்சி போட்டு நூலை விறைக்க வைக்கத் தெரிந்த கைக்கு டயருக்குப் போடத் தெரியாதா?

"கஞ்சி எந்துகண்டி? பசுவுலகா?" என்றார் மெஸ்காரர். கஞ்சி எதற்கு, மாட்டுக்கா என்று கேட்கிறார்.

"அவுனண்டி, பசுவுக்குத்தான்," என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பொய் சொன்னார் முனிரத்தினம்.

கோலமாவைக் கஞ்சியில் குழைத்தார். தென்னம்மட்டையை நசுக்கிப் பிரஷ் செய்தார். டயர், ரிம், பெடல், தன் கால், முழங்கால் என்று ஒரு நூல் விடாமல் பூசினார். வெயிலில் காயவைத்தார். காய்ந்ததும் தட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு உதிரவில்லை. இருபது வருஷத்தில் எந்தப் பாவுக்கும் இவ்வளவு நேர்த்தியாகக் கஞ்சி பிடித்ததில்லை. தன் வேலையைத் தானே பார்த்து மெய்ம்மறந்து நின்றார். கடைசியில் ஒரு நாமக்கட்டியும் வாங்கி நெற்றியில் பெரிதாக இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் தெருவுக்குள் நுழைந்தபோது கிடைத்த வரவேற்பு மந்திரிக்குக்கூடக் கிடைக்காது. பஜனைக் கூட்டத்தின் பெரியவர் அப்பாவு, டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெங்கடம்மா திருஷ்டி கழித்தாள். பத்மினி வாயில் கைவைத்து நின்றாள்.

"நெஜமாவே ஏறிட்டியா மாமா?"

"பின்ன? ஏறி எறங்கித்தான் வந்து நிக்கிறேன்."

"உச்சியில அந்த ரெட்டைப் பனைமரம் இன்னும் கீதா?"

"இல்லாம எங்க போவும்? நொங்கு குலைகுலையாத் தொங்கிக்கினு கீது. அது நெழல்லதான் உக்காந்து உன் எலுமிச்சஞ்சோத்தைத் துன்னேன்."

"அப்பிடியா," என்றாள் பத்மினி. கண்ணெல்லாம் பெருமை.

அந்த நேரத்தில்தான் வெங்கடம்மாவின் ஆடு வந்தது. தெருவில் எந்த வீட்டில் சோறு வடித்தாலும் கஞ்சிக்கு முதல் ஆளாக நிற்கும் ஆடு அது. நேரே சைக்கிளிடம் போனது. மூக்கை வைத்தது. பிறகு முன்டயரைக் கீழிருந்து மேலாக ஒரே நக்காக நக்கியது. நாக்கு போன இடமெல்லாம் டயர் கரேலென்று பளபளத்தது. டயரை முடித்துக்கொண்டு முனிரத்தினத்தின் முழங்காலுக்கு வந்தது.

கூட்டம் இன்னும் நெருங்கி வந்து குனிந்து பார்த்தது.

"இன்னாடி இது," என்றாள் வெங்கடம்மா. "என் ஆடு கஞ்சியைத் தவிர வேற எதையும் இப்பிடி நக்காதே."

முனிரத்தினம் முழங்காலை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். அவ்வளவுதான், சைக்கிள் போயிற்று, மானமும் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்போது பத்மினியின் குரல் கேட்டது.

"மலை மண்ணுல உப்பு கீதுக்கா. உப்புன்னா ஆடு வுடுமா?"

"அட, ஆமாண்டி," என்றாள் வெங்கடம்மா.

முனிரத்தினத்துக்குப் போன உயிர் வந்தது. எவ்வளவு வெகுளி இவள், எவ்வளவு நம்பிக்கை புருஷன்மேல் என்று நெகிழ்ந்து போனார். இப்படி ஒரு மனுஷியை ஏமாற்றினோமே என்று கொஞ்சம் வருத்தமும் பட்டார். அந்த வருத்தம் வெகுநேரம் நிற்கவில்லை.

"அப்பாவு மாமா," என்றாள் பத்மினி, "போன வருசம் வேன்ல போனது புண்ணியமே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தியே. இந்த வருசம் கணவாய் வழியா நடந்து போலாமில்ல?"

"போலாம்மா. நான் பஸ்ஸு வந்தப்புறம் கூட்டத்துல சேந்தவன், வழி தெரிஞ்ச ஆளு இல்லியே. அங்கங்க ரெண்டு பாதை பிரியுதாம். தப்பாப் போனா காடு."

"வழி தெரிஞ்ச ஆளு இல்லியா? இதோ நிக்கிறாரு பாரு. இன்னைக்குத்தான் ஒத்தையில ஏறி எறங்கிட்டு வந்தாரு."

தெரு முழுக்கத் திரும்பி முனிரத்தினத்தைப் பார்த்தது. "கோவிந்தா" என்றார் அப்பாவு. "கோவிந்தா" என்றது தெரு.

அன்றிலிருந்து புரட்டாசி வரைக்கும் முனிரத்தினம் தப்பிக்கப் பார்த்தார். முழங்கால் வலி என்றார். பத்மினி வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, "மலை ஏறுன காலு, இது ஒரு வலியா?" என்றாள். மொத்த ஆர்டர் வந்திருக்கிறது, தறியை விட முடியாது என்றார். ஆர்டர் கொடுத்த சேட்டிடம் அவளே போன் பண்ணி ஒரு வாரம் தவணை வாங்கினாள். மழை வரும் என்றார். வந்தால் வெள்ளை மண் இன்னும் நன்றாகக் குழையும் என்றாள். வேறு வழியில்லாமல், "சைக்கிளை வேணா வுட்டுட்டு வர்றேன்" என்று கடைசியாக ஒரு பேரம் பேசினார்.

"சைக்கிள் இல்லாம எப்பிடி? அதுக்குத்தான கேரியர் மாட்டியாந்திருக்கேன்," என்றாள்.

சனிக்கிழமை விடியலில் கூட்டம் கிளம்பியது. முன்னால் அப்பாவுவின் ஜால்ரா. அதற்கும் முன்னால், வழிகாட்டியாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முனிரத்தினம். கேரியரில் புளிச்சோற்று அண்டா, ஹேண்டில்பாரில் தண்ணீர்க் கேன்கள். இருபத்தோரு கியரும் அண்டாவுக்கு அடியில் முனகின.

முதலில் பாதை பிரிந்த இடத்தில் முனிரத்தினம் நின்றார். செயின் கழன்றதுபோல் குனிந்தார். எது வழி? அந்த சமயம் பார்த்து பத்மினி, சீத்தாப்பழம் பறிப்பவள்போல இடது பாதையில் நாலடி ஏறினாள். முனிரத்தினம் உடனே எழுந்து, "இடதுபக்கம்" என்று கம்பீரமாகச் சொன்னார். அடுத்த பிரிவில் அவள் பாட்டை எடுத்துப் பாடிக்கொண்டே வலப்பக்கம் நடந்தாள். "வலதுபக்கம்" என்றார். கூட்டம் அவரைப் புகழ்ந்தது. அவரோ கடவுளுக்கு நன்றி சொன்னார். இந்தப் பெண்ணைத் தற்செயலாகச் சரியான பக்கமே நடக்க வைக்கிறானே ஏழுமலையான் என்று நினைத்துக்கொண்டார்.

பாதை செங்குத்தாக ஏறிய இடத்தில் பத்மினி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ளினாள். முன்னால் இழுத்த அவர் அடிக்கடி நின்றார். பின்னால் தள்ளிய அவள் நிற்கவே இல்லை. தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டு, அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டு இருந்த பெண்ணுக்கு இந்த மூச்சும் இந்தக் காலும் எங்கிருந்து வந்தன என்று திரும்பித் திரும்பிப் பார்த்து வியந்தார்.

உச்சி வந்தது. முனிரத்தினம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

தரை முழுக்க வெள்ளை. அந்தப் பக்கச் சரிவில் புல் பச்சையாகப் படர்ந்திருக்க, அதன் நடுவே வெள்ளைப் பாதை வளைந்து வளைந்து இறங்கியது. கீழே ஏரி, வயல், நாராயணவனம் கோபுரம். தூரத்தில் நீலமாகத் திருமலை. மகன் அனுப்பிய போட்டோவுக்குள் தானே வந்து நிற்பதுபோல் இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் வீட்டுக்குப் பின்னால் இதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேனே என்று வாய்விட்டுச் சொன்னார். போனை எடுத்தால் உண்மையிலேயே சிக்னல் இருந்தது. "தமிழு, இங்கியும் வெள்ளைப் பாதை கீதுடா, உங்க ஊரைவிட நல்லா கீதுடா," என்று கத்தினார்.

அப்பாவு நாலாபக்கமும் பார்த்தார். "எங்கய்யா அந்த ரெட்டைப் பனைமரம்?"

பனை இல்லை. இடுப்பு உயரத்துக்குமேல் ஒரு செடிகூட இல்லை. முனிரத்தினம் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டு, மகனோடு பேசுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"வெட்டிட்டுப் பூட்டாங்க போலக்கீது," என்றாள் பத்மினி, வெள்ளை மண்ணைக் குழைத்துக்கொண்டே. "இந்தா மாமா, நெத்தியக் காட்டு."

நாமம் இட்டுவிட்டாள். இரண்டாவது தடவையும் காப்பாற்றிவிட்டாள். அவருக்கு அவள்மேல் பொங்கி வந்த அன்பைச் சொல்லி முடியாது. அண்டாவைக் காலி செய்து இறக்கிவிட்டு, அந்தச் சரிவில் கடைசித் துண்டை மட்டும் அவர் நிஜமாகவே சைக்கிளில் ஏறி ஓட்டினார். காற்று காதில் அறைந்தது. வெள்ளைப் புழுதி பின்னால் எழுந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் போனார் என்றாலும், பார்த்தவர்கள் கைதட்டினார்கள். டயர் முழுக்க, முழங்கால் முழுக்க, அசல் வெள்ளை மண்.

நாராயணவனத்தில் மச்சான் மணிவேல் வீட்டுவாசலில் பந்தல் போட்டிருந்தது. வாசலில் புது மோட்டார் பைக் ஒன்று, இரண்டு பக்கமும் பால் கேன்களோடு நின்றது.

"பைக்கா? அப்ப உனக்கு இந்த சைக்கிளு?" என்றார் முனிரத்தினம்.

"எனக்கு எதுக்கு மாமா சைக்கிளு? இத வாங்கி நாலு மாசம் ஆவுது. எனக்கு வேணும்னு அக்கா சொல்லிச்சா இன்னா?" என்று சிரித்தான் மணிவேல். "வா, வா. கூட்டத்துக்கே எலை போட்டாச்சி."

"இன்னைக்கு நடந்து வர்றோம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆடிக் கிருத்திகைக்கு வந்தப்பவே அக்கா சொல்லிட்டுப் போச்சே. புரட்டாசியில மாமா கூட்டத்தை மலைமேல கூட்டியாருவாரு, பந்தல் போட்டு வையின்னு."

ஆடிக் கிருத்திகை. அதற்கு மறுநாள்தானே அவள் துடைப்பத்தால் சைக்கிளைத் தட்டினாள்? முனிரத்தினம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பத்மினி உள்ளேயிருந்து ஆவி பறக்கும் வடிகஞ்சிச் செம்போடு வந்தாள். அவர் முழங்காலைப் பார்த்தாள். டயரைப் பார்த்தாள்.

"வெயில்ல வந்திருக்க மாமா. கஞ்சி உனக்கா, சைக்கிளுக்கா?"